ஆலோசனைக் குழுவில் சேரலாமா? சேருங்கள், ஆனால் கூட்டக் குறிப்பின் வலது ஓரத்தைப் பாருங்கள்

கேள்வி: கோலாலம்பூரில் எங்கள் மண்டலக் குடியிருப்பாளர் குழுவில் சேரச் சொல்லி அழைக்கிறார்கள். சாலை, லோங்காங் (வடிகால்), குப்பை, தெருவிளக்கு போன்றவற்றில் இந்த ஆலோசனைக் குழுக்களால் ஏதாவது நடக்குமா? இல்லை, மீகூன் சாப்பிட்டுவிட்டு வரும் கூட்டம்தானா?

கடைசி வரி எனக்குச் சுருக்கென்று தைத்தது. நான் அப்படி ஒரு குழுவில் இரண்டு தவணை இருந்தவள். பள்ளி அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் கிராணி (எழுத்தர்) வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். செந்தூல் பக்கம் வீடு. எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குழுவில் இருந்தேன் என்றாலே "யாருடைய ஆள்?" என்றுதான் கேட்கிறார்கள்.

உங்கள் நிலைமை எனக்கு ஓரளவு தெரியும் என்று நினைக்கிறேன். புகார் எண்ணுக்கு அடித்து அலுத்திருப்பீர்கள். குடியிருப்புப் புலன (வாட்ஸ்அப்) குழுவில் நீங்கள்தான் அதிகம் படம் போடுகிறவராக இருப்பீர்கள். அதனால்தான் உங்களைக் கூப்பிடுகிறார்கள்.

அங்கே உங்களுக்கு அதிகாரம் கிடையாது. அது தெரிந்து போங்கள். 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரில் நகராண்மைத் தேர்தல் நடந்தது, 12 இடங்களுக்கு. அதைப் பற்றி அப்பா பேசிக் கேட்டிருக்கிறேன். 1961-ல் அந்த மன்றம் கலைக்கப்பட்டது. கூட்டரசுத் தலைநகர்ச் சட்டத்தின்படி அதிகாரம் ஓர் ஆணையரிடம் போனது, அவருக்கு யோசனை சொல்ல நியமன ஆலோசனை வாரியம் ஒன்று வந்தது. 1972-ல் மாநகரத் தகுதி கிடைத்த பிறகு அந்த ஆணையர்தான் டத்தோ பண்டார், அதாவது மாநகரத் தலைவர். வாரியம் மேலே இருக்கிறது, மண்டலக் குழுக்கள் கீழே. இரண்டும் சொல்லலாம், முடிவெடுக்க முடியாது. பினாங்கிலோ சிலாங்கூரிலோ இருப்பவருக்குச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் உண்டு, மாநில அரசு நியமித்த நகராண்மை உறுப்பினரும் உண்டு. நமக்கு நாடாளுமன்ற உறுப்பினருக்குப் போடுகிற ஒரே ஓட்டுதான். லோங்காங் அடைத்தாலும் அவரிடம்தான் ஓட வேண்டியிருக்கிறது.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

எங்கள் வரிசை வீடுகளின் பின்சந்தில் ஒரு லோங்காங். பிற்பகல் மூன்று நான்கு மணிக்குக் கொட்டுகிற மழை அரை மணி நேரம் தாண்டினால் தண்ணீர் பின்னுக்கு ஏறி அடுப்படிக்குள் வந்துவிடும். பக்கத்து வீட்டுப் பாட்டி ஒவ்வொரு முறையும் தண்ணீர் நின்ற உயரத்தைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி வைத்திருந்தார். பதினேழு கோடுகள். அவருக்குப் படிக்கத் தெரியாது, எண் மட்டும் எழுதுவார். அந்தச் சுவரை நான் எடுத்த படம்தான் பின்னால் எங்களுக்குப் பெரிய ஆதாரமானது.

புகார் செய்தோம். தெரு வடிகால் பார்க்கிறவர்கள் வந்து சந்து லோங்காங்கைச் சுத்தம் செய்துவிட்டுப் போனார்கள், அவர்கள் பங்கு முடிந்தது. நாற்றம் வருகிறது என்று சொன்னோம், கழிவுநீர்க் குழாய்க்காரர்கள் மூடியைத் திறந்து பார்த்து "எங்கள் குழாய் நன்றாக இருக்கிறது" என்றார்கள். ஆறும் பெரிய வடிகாலும் பார்க்கிற பக்கத்தில் கேட்டோம், அங்கே நீர்மட்டம் சரியாக இருக்கிறது என்றார்கள். அப்போது எனக்கு ஆத்திரம். இப்போது யோசித்தால், மூவருமே உண்மையைத்தான் சொன்னார்கள்.

இந்த ஊரில் வேலை அப்படிப் பிரிந்து கிடக்கிறது. தெருவும் தெரு வடிகாலும் மாநகர் மன்றம். கழிவுநீர் இண்டா வாட்டர். குடிநீர் ஆயர் சிலாங்கூர். வீட்டுக் குப்பை 2011 செப்டம்பரிலிருந்து கூட்டரசின் திடக்கழிவுச் சட்டத்தின் கீழ், ஆலாம் ஃப்ளோரா எடுக்கிறது. நெடுஞ்சாலை என்றால் அதை நடத்த உரிமம் பெற்ற சலுகை நிறுவனம். கேபிள் புதைக்கத் தோண்டுகிறவர்கள் வேறு. குடியிருப்பவருக்கு எல்லாம் ஒரே தெரு. புகார் எண் ஒரு வாசலைத்தான் தட்டும், அந்த வாசலில் "எங்களுடையது இல்லை" என்றால் கோப்பு மூடப்படும். தொலைபேசியில் புகார் முடிந்தது என்று குறுஞ்செய்தி வரும், அடுப்படியில் தண்ணீர் நிற்கும்.

குழுவில் உட்கார்ந்த முதல் ஆறு மாதம் நானும் இதையே வாயால் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் என் கிராணிக் கண் விழித்தது. மலாய்க் கூட்டக் குறிப்பு பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு விஷயத்துக்கும் வலது ஓரத்தில் ஒரு சொல் இருக்கும். "மக்லுமான்" என்றிருந்தால் அது தகவலுக்கு மட்டும், யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. "திண்டாக்கான்" என்றிருந்து பக்கத்தில் ஒரு பிரிவின் பெயரும் இருந்தால், அடுத்த கூட்டத்தில் அந்தப் பிரிவு பதில் சொல்ல வேண்டும். பழைய குறிப்புகளைப் புரட்டினேன். எங்கள் பின்சந்து மூன்று கூட்டத்திலும் மக்லுமான்.

நான்காவது கூட்டத்தில் தலைவரிடம் நேராகக் கேட்டேன். "டத்தோ, இதைத் திண்டாக்கான் என்று மாற்றுங்கள். யார் பெயர் போடுவது என்று தெரியாவிட்டால் எல்லார் பெயரையும் போடுங்கள்." கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. சிறுபிள்ளைத்தனம் என்று சிலர் நினைத்திருக்கலாம், பரவாயில்லை. அவர் நல்ல மனிதர். "சரி, எல்லாரும் ஒரே நாளில் போய்ப் பாருங்கள்" என்று கூட்டு நேரடி ஆய்வு என எழுதவைத்தார், தேதியோடு.

அந்த நாள் காலை பத்து மணிக்கு பின்சந்தில் ஒன்பது பேர் நின்றார்கள். அரை மணி நேரம் வரைபடத்தை விரித்துப் பேசினார்கள். அப்போது எதிர்வரிசைத் தாத்தா கைலியோடு வந்து நின்றார். ஒரு காலத்தில் இதே ஊரின் லோங்காங்குகளைச் சுத்தம் செய்து பிழைத்தவர்.

"அம்மா, அவங்ககிட்ட சொல்லு. தண்ணி இந்தச் சந்துல அடைக்கல. தெருமுனையில ரோட்டுக்கு அடியில பழைய மதகு ஒண்ணு போகுது. அதைத் தொறக்கச் சொல்லு" என்றார்.

நான் மலாயில் சொன்னேன். வரைபடத்தில் அப்படி ஒன்று இல்லை. இளம் பொறியாளர் ஒருவர் மட்டும், "பாக்சிக் (பெரியவரே), எங்கே என்று காட்டுங்கள்" என்று அவர் பின்னாலேயே நடந்தார். காங்கிரீட் பலகையைத் தூக்கியதும் தெரிந்தது. யாரோ ஒரு கேபிள் குத்தகைக்காரர் தன் குழாயை மதகின் நடுவே குறுக்காகப் போட்டு மண்ணை மூடிவிட்டுப் போயிருந்தார். அந்தக் குழாயில் பிளாஸ்டிக் பைகளும் மெத்தைத் துண்டும் மாட்டிப் பந்து போல அடைத்திருந்தன. எந்த நிறுவனத்தின் கேபிள் என்று இங்கே எழுதப்போவதில்லை, அவர்கள் பின்னால் வந்து சரி செய்துவிட்டார்கள்.

அடைப்பை அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். குழாயை உயர்த்திப் போட இன்னும் நான்கு மாதம். முதல் புகாரிலிருந்து கணக்குப் போட்டால் பதினாலு மாதம். வேலை நடந்ததோ ஒரே காலைப்பொழுது.

குழு என்ன செய்தது என்று கேட்டால், ஒன்பது பேரை ஒரே குழிக்கு மேல் நிற்கவைத்தது. அந்தக் குழியைப் பார்த்த பிறகு யாராலும் "எங்களுடையது இல்லை" என்று சொல்லிவிட்டுப் போக முடியவில்லை. இதைச் சின்ன விஷயம் என்பவர்கள் மழையில் அடுப்படியைத் துடைத்துப் பார்த்தவர்கள் இல்லை.

உடனே ஒருவர் வந்து எழுதுவார், "அப்படியென்றால் நியமனக் குழுவே போதும், தேர்தல் வேண்டாம் என்கிறீர்களா?" என்று. நான் அப்படிச் சொல்லவில்லை. எனக்கு இதில் பெரிய வருத்தமே உண்டு. 1965-ல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி நாடு முழுக்க உள்ளூராட்சித் தேர்தலை நிறுத்திவைத்தார்கள். அதே ஆண்டு அமைத்த அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன், நம்மவர். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் வேண்டும் என்றுதான் அந்த ஆணையம் 1968-ல் பரிந்துரைத்தது. ஏற்கவில்லை. 1976-ல் வந்த உள்ளூராட்சிச் சட்டம் தேர்தலுக்குக் கதவையே மூடிவிட்டது. நேதாஜி படையின் ஜான்சி ராணிப் பிரிவில் இருந்த ஜானகி அவர் மனைவி என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம், நல்லது. ஆனால் ஆதி நாகப்பன் என்ன எழுதிக் கொடுத்தார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? கோலாலம்பூரின் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் வட்டாரத்தில் அவர் பெயரில் சாலை இருக்கிறது. அதே வட்டாரத்தில்தான் புக்கிட் கியாரா தோட்டத்து மக்கள் நீள்வீடுகளில் நாற்பது வருடத்துக்கும் மேல் நிரந்தர வீட்டுக்குக் காத்துக் கிடந்தார்கள். பக்கத்து ரிம்பா கியாரா பூங்காவில் வரவிருந்த கட்டுமானத்துக்கான அனுமதியை 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் ரத்து செய்தது. பூங்கா பிழைத்ததில் எனக்கும் சந்தோஷம்தான். அந்த மக்களின் வீட்டைப் பற்றி யாரும் அதே வேகத்தில் பேசவில்லை என்பதுதான் வலிக்கிறது.

கேள்வியை விட்டு எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

நீங்கள் சேர்வதாக இருந்தால், ஒப்புக்கொள்வதற்கு முன் கடைசி மூன்று கூட்டக் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்கத் தயங்கினாலே பாதி தெரிந்துவிடும். வலது ஓரத்தில் எத்தனை மக்லுமான், எத்தனை திண்டாக்கான், அதில் எத்தனைக்கு அடுத்த குறிப்பில் பதில் வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். உங்கள் தெருவில் பழைய துப்புரவு வேலைக்காரர், பழைய குழாய் வேலைக்காரர் யாராவது உயிரோடு இருந்தால் முதலில் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுங்கள். எங்கள் தாத்தா போன வருடம் தவறிவிட்டார். அவர் சொன்ன மதகுகளில் பதினொன்றை நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்திருக்கிறேன். செந்தூல் பக்கம் யாருக்காவது தேவைப்பட்டால் கேளுங்கள், படம் எடுத்து அனுப்புகிறேன்.