உடம்பில் ஷெல் துண்டு இருக்கும் அம்மாவுக்கு எம்.ஆர்.ஐ எடுக்கலாமா?

அம்மாவுக்கு வலிப்பு வந்ததால் டொக்டர் எம்.ஆர்.ஐ எழுதியிருக்கிறார், 2009 போரில் பட்ட ஷெல் (எறிகணை) துண்டு தோளில் கிடக்கிறது, பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். துண்டோடு இருக்கிற பலருக்கு எடுக்க முடிகிறது. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் அந்த அறைக்குள் போகவே கூடாது.

எம்.ஆர்.ஐ என்பது பெரிய காந்தத்தால் உடம்பின் உள்ளே படம் எடுக்கும் ஸ்கான். வழக்கமான மெஷின் 1.5 டெஸ்லா, பூமியின் காந்தப்புலத்தைவிடச் சுமார் 30,000 மடங்கு. ஆள் படுக்காத நேரத்திலும் அது ஓய்வதில்லை. ஷெல் துண்டு பெரும்பாலும் உருக்கு, இழுபடலாம், சூடேறலாம். தோள், தொடைச் சதையில் பல வருடமாகக் கிடப்பதைச் சுற்றித் தழும்பு இறுகியிருக்கும், அசைவது குறைவு. கண், மூளை, முள்ளந்தண்டு, பெரிய இரத்தக் குழாய் இவற்றுக்குக் கிட்ட என்றால் கதை வேறு. கண்ணுக்குள் இருக்கும் சின்னத் தூள்கூடப் பார்வையைப் பறித்துவிடும்.

அதனால் முதலில் எக்ஸ்ரே. தோளை மட்டும் எடுத்துவிட்டு வராதீர்கள். எங்கள் அண்ணாவுக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றுதான் என்று நினைத்திருந்தோம். படத்தில் இடுப்புப் பக்கம் அரிசிமணி அளவில் இன்னும் மூன்று வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன.

உடம்பில் உலோகம் உண்டா என்று படிவத்தில் கேட்பார்கள். எங்கள் சனம் 'இல்லை' என்று சொல்லிவிடும். காயத் தழும்பைக் காட்டினாலே விசாரணை என்றிருந்த காலத்தின் பயம் இன்னும் போகவில்லை. தயவுசெய்து அம்மாவிடம் இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். அங்கே கேட்பது அவர் உயிருக்காக.

வலிப்புக்கு ஏன் எம்.ஆர்.ஐ? சீ.ரீ. ஸ்கானில் தப்பிவிடும், மூளையிலுள்ள சின்னத் தழும்பும் சிறு கட்டியும் இதில் தெரியும். ஆனால் படத்தில் கோளாறு ஒன்றும் தெரியாவிட்டால் வலிப்பு நோய் இல்லை என்று அர்த்தமில்லை. டொக்டர் நடந்ததைக் கேட்டு, ஈ.ஈ.ஜி.யும் (மூளையின் மின் அலைகளைப் பதியும் பரிசோதனை) பார்த்துத்தான் முடிவெடுப்பார். எம்.ஆர்.ஐ சரிவராவிட்டால் சீ.ரீ.யும் ஈ.ஈ.ஜி.யும் இருக்கின்றன, வைத்தியம் நிற்காது.

வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் சிறுநீரக நோயாளர் பலர் இருப்பதால் இதையும் சொல்கிறேன்: படம் தெளிவாகத் தெரிய நிறமருந்து ஊசி போடுவதாக இருந்தால் அம்மாவின் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) ரிப்போட்டைக் காட்டுங்கள். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்குச் சில வகை ஊசி ஆகாது.

ஸ்கானுக்காக யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏற முதல் பழைய எக்ஸ்ரே, டயக்னோசிஸ் காட் (ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு விடும்போது தரும் நோய் விபர அட்டை), கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். டொக்டர் சொன்னாலொழிய, ஸ்கான் அன்றும் வலிப்புக் குளிசையை விடவேண்டாம்.