கம்பு நீளம், நரம்பு குட்டை

கேள்வி: சார், மீன் பிடிக்க, ஒன்றுக்குள் ஒன்று செருகி நீளும் 16 அடிக் கம்பு ஒன்று வாங்கியிருக்கிறேன். நரம்பைச் சுற்றிவைக்கும் ரீல் கிடையாது, நுனியில் தூண்டில் நரம்பைக் கட்டிவிட்டுப் போட வேண்டியதுதான். தூரம் போகட்டும் என்று 20 அடி நரம்பு கட்டினேன். பாதி நேரம் செடியில் சிக்குகிறது, மீன் மாட்டினாலும் கைக்கு வர மாட்டேன் என்கிறது. பக்கத்தில் ரீல் வைத்து வீசியவர் என்னைவிட மூன்று மடங்கு பிடித்தார். இவ்வளவு நீளக் கம்பால் என்னதான் லாபம்?

பதில்: அந்த 20 அடிதான் வில்லங்கம். வீசவே தேவையில்லாமல் பண்ணுவதுதான் நீளக் கம்பின் வேலை, அதை வைத்துக்கொண்டு நீங்கள் வீச்சுப் போட்டி நடத்தியிருக்கிறீர்கள்!

முதலில் நரம்பை வெட்டுங்கள். திறந்த தண்ணீர் என்றால் கம்பின் நீளத்துக்கு ஒரு அடி குறைவாக, அதாவது 15 அடி. கம்பைச் செங்குத்தாக நிமிர்த்தினால் தூண்டில் முள் ஊசலாடிக்கொண்டு நேராக உங்கள் கைக்கு வரும். ஒரு கையில் கம்பு, மறு கையில் மீன், அவ்வளவுதான். செடி, முள்கிளை, மூழ்கிக் கிடக்கும் மரம் உள்ள இடமாக இருந்தால் இன்னும் குறைத்து 6 அடியே போதும். அப்போது மீன் கைக்கு எட்டாமல் நுனியில் தொங்கும், அதனால் கம்பை நிமிர்த்தாமல் அப்படியே பின்னால் உருவி, கைமாற்றிக் கைமாற்றி இழுக்க வேண்டும். பின்பக்கம் ஆள் நிற்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள், நான் ஒருமுறை பார்க்கவில்லை, கம்பின் அடிப்பகுதி ஒருவருடைய டீயில் போய் முடிந்தது.

சரி, ரீல்காரர் எட்டாத எதை இது எட்டும்? இரண்டு அல்லி இலைகளுக்கு நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடைவெளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீசுகிறவர் அதற்குள் சரியாகப் போட்டாலும், இழுக்கும்போது நரம்பு குறுக்கே கிடக்கும் இலை, தண்டு எல்லாவற்றையும் வாரிக்கொண்டுதான் வரும். நீங்கள் மேலேயிருந்து செங்குத்தாக இறக்குகிறீர்கள், போன வழியிலேயே தூக்குகிறீர்கள். இரை விழும் சத்தமும் இல்லை, உங்கள் நிழலும் 15 அடி தள்ளி நிற்கிறது. வட அமெரிக்காவில் ‘பான்ஃபிஷ்’ என்று சொல்லும் புளூகில், கிராப்பி போன்ற, வாணலியில் முழுசாக அடங்கும் மீன்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட மறைவில்தான் ஒதுங்கும், அதனால்தான் அவற்றுக்கு நீளக் கம்பு அவ்வளவு பொருந்துகிறது.

ஆழம்தான் அடுத்தது. கிராப்பிக்குப் பார்வை மேல்நோக்கி, தலைக்கு மேலே வரும் இரையை எழும்பி வந்து பிடிக்கும், காலடியில் கிடப்பதைக் கண்டுகொள்வது குறைவு. ஆகவே மீன் நிற்கும் மட்டத்துக்குச் சற்று மேலேயே நிறுத்துங்கள். அரை அடி அரை அடியாக இறக்கிப் பாருங்கள், எந்த ஆழத்தில் கடித்ததோ அதற்கேற்ப, தண்ணீரில் மிதக்கும் தக்கையை நரம்பில் பொருத்திவிடுங்கள். அதன் வாய்த்தோல் தாள் மாதிரி, வெடுக்கென்று சுண்டினால் கிழிந்து போய்விடும், மெதுவாகத் தூக்கினாலே முள் ஏறும். புளூகிலுக்கு வாயே சின்னது, 8 அல்லது 10-ஆம் எண் சின்ன முள்ளும் ஒரு துண்டு மண்புழுவும் போதும். முழுப் புழுவை மாட்டினால் வாலைக் கடித்துத் தின்றுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

தக்கை பென்சில் போல ஒல்லியாக இருக்கட்டும். நரம்பில் மாட்டும் ஈயக் குண்டுகளைக் கூட்டிக் கூட்டி, தண்ணீருக்கு மேலே நகக்கண் அளவு மட்டும் தெரியும்படி வையுங்கள். தக்கை முழுகினால்தான் கடி என்று பலர் காத்திருக்கிறார்கள். மீன் இரையைக் கவ்விக்கொண்டு மேலே வந்தால் ஈயத்தின் பாரம் குறையும், தக்கை எழும்பிப் படுத்துவிடும், அதுவும் கடிதான், சொல்லப்போனால் பல நாள் அதுதான் நல்ல கடி. பக்கவாட்டில் ஒரு விரல்கடை நகர்ந்தாலும் தூக்கிப் பாருங்கள், காசா பணமா.

தண்ணீர் சுமார் 20 டிகிரி செல்சியஸைத் தொடும் காலத்தில் ஆண் புளூகில்கள் ஆழமில்லாத இடத்தில் வாலால் வட்டக் குழிகள் பறித்து, முட்டைக்குக் காவல் நிற்கும். நீளக் கம்புக்காரருக்கு அது அல்வா மாதிரி, எதைப் போட்டாலும் பாயும். ஒன்றிரண்டு பிடித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள் என்பேன். தகப்பன் போனால் முட்டையைத் தின்ன மற்ற மீன்கள் பக்கத்திலேயே காத்திருக்கின்றன.

கேள்வி: என் கம்பில் நடுவே இரண்டு கணு இறுகிவிட்டது. எவ்வளவு முறுக்கினாலும் உள்ளே போகவில்லை.

பதில்: முறுக்காதீர்கள், மெல்லிய குழாய், கீறல் விட்டுவிடும். அடிமூடியைக் கழற்றி, கம்பைச் செங்குத்தாகப் பிடித்து, இறுகிய கணுவின் அடிப்பக்கம் பலகையில் படும்படி லேசாகத் தட்டுங்கள், பெரும்பாலும் விட்டுவிடும். வழுக்கினால் இரண்டு ரப்பர்த் துண்டுகளால் பிடித்து நேராகத் தள்ளுங்கள். இனிமேல் நீட்டும்போது நுனியிலிருந்து, மடக்கும்போது அடியிலிருந்து. மணலைத் துடைத்துவிட்டு மடக்குங்கள், ஈரத்தோடு மூடிவைக்காதீர்கள்.

கேள்வி: 16 அடிக் கம்பை அரை மணி நேரம் பிடித்தாலே மணிக்கட்டு வலிக்கிறது. எனக்கு இது ஒத்துவராதோ?

பதில்: எடையைவிட, அது முழுக்க முன்பக்கம் தொங்குவதுதான் வலிக்குக் காரணம். நின்றுகொண்டே பிடிக்காமல் உட்கார்ந்து, அடிப்பகுதியை முன்கைக்குக் கீழே கொடுத்து, கம்பைத் தொடையில் கிடத்துங்கள். ஐரோப்பாவில் போட்டிக்குப் போகிறவர்கள் 16 மீட்டர் கம்பையே இப்படித்தான் சமாளிக்கிறார்கள், அடி அல்ல, மீட்டர். கண்ணாடி இழைக் கம்பு என்றால் கார்பனுக்கு மாறிப் பாருங்கள், கனம் நன்றாகக் குறையும். ஆனால் கார்பனில் மின்சாரம் பாயும். கம்பை நீட்டுவதற்கு முன்னால் தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்று அண்ணாந்து பாருங்கள், இடி முழங்கினால் கீழே போட்டுவிட்டு விலகி வந்துவிடுங்கள்.