பச்சப்பிள்ளைக்கு என்ன பாவம்?

அன்புள்ள சார்,

நான் குழித்துறை பக்கம், இப்ப மஸ்கட்ல வேலை. சி.எஸ்.ஐ. குடும்பம், மனைவி வீட்டார் பெந்தெகொஸ்தே. ஆறு நாள்ல உலகத்தைப் படைச்சார்னு ஆதியாகமத்துல இருக்கு, அப்ப பரிணாமம், டைனோசர் எல்லாம் என்னாச்சு? எல்லாம் நல்லதுன்னு கண்ட கடவுளோட உலகத்துல தீமை எங்கேருந்து வந்துச்சு? போன லீவுல எங்க மகளுக்கு மூணு மாசம், வீட்ல செபக்கூட்டம் வச்சோம். மச்சான்தான் பிரசங்கம். தொட்டிலைக் காட்டி "இந்தப் பச்சப்பிள்ளையும் பாவிதான்"னு சொன்னார். மனைவி ராத்திரி பூரா அழுதா. அது போகட்டும், எனக்கு அந்த ஆறு நாள் விஷயம்தான் ரொம்பக் குழப்பம். பிள்ளைக்கு ஞானஸ்நானம் இப்பவே குடுக்கிறதா, வளர்ந்த பிறகான்னு வீட்ல தர்க்கம் வேற. விளக்குவீங்களா?

ஒரு வாசகர்

தம்பி,

"அது போகட்டும்"னு எழுதியிருக்கீங்க பாருங்க, அங்கதான் எனக்கு கோபம் வந்துச்சு. பெத்தவ ராத்திரி பூரா அழுதிருக்கா, நீங்க எங்கிட்ட டைனோசரைப் பத்தி கேக்கிறீங்க. தொட்டிலைக் காட்டி அவரு பேசும்போது நீங்க என்ன செஞ்சுட்டு இருந்தீங்க, தலையாட்டினீங்களா?

ஆறு நாளை சட்டுனு முடிச்சிருவோம். வெளிச்சம் முதல் நாள், சூரியன் நாலாம் நாள். சூரியன் இல்லாத மூணு நாளை எந்த மணிக்கூறு வச்சு எண்ணுறது? இதை இன்னைக்கு நாத்திகன் கண்டுபிடிச்சுக் கேக்கல, பழங்கால சபை அறிஞர்கள் ஓரிஜனும் அகுஸ்தீனாரும் எப்பவோ கேட்டாச்சு, இது 24 மணிக்கூறு நாள் இல்லன்னும் அகுஸ்தீனார் சொல்லியாச்சு. பிரபஞ்சம் ஒரு ஆதி அணுவுலேருந்து விரிஞ்சுதுன்னு 1931ல எழுதின லெமெய்த்தர் பெல்ஜியத்துக் கத்தோலிக்கச் சாமியார். மனுஷ உடம்பு பரிணாமத்துல வந்ததான்னு ஆராயலாம், தடை இல்லன்னு 1950ல போப் பன்னிரண்டாம் பயஸே எழுதியாச்சு. போதும். தீமை எங்கேருந்து வந்துச்சுன்னு வேதாகமத்துல யோபு அத்தனை அதிகாரம் கதறிக் கேட்டும் அவருக்கே நேர் பதில் கிடைக்கல, உங்களுக்கு நான் ஈமெயில்ல சொல்லவா?

இப்ப தொட்டிலுக்கு வருவோம். கொஞ்ச நாளா எனக்கும் இதே நினைப்புதான்.

நான் பிறந்தது கத்தோலிக்க வீடு, கோட்டாறு மறைமாவட்டம். எங்க ஊர்ல பேறு பாக்க ஒரே ஒரு மருத்துவச்சிப் பாட்டிதான். இந்து, நெத்தி நிறைய திருநீறு, எங்க அம்மாவுக்கு என்னையும் சேத்து எல்லாப் பேறும் பாத்தது அவங்கதான். பிள்ளை நீலம்பாரிச்சுப் பிறந்தா, அழ மறுத்தா, அவங்க ஒரு காரியம் செய்வாங்க. வென்னி இருக்கிற சருவத்துல வலதுகையை முக்கி, உள்ளங்கையில கொஞ்சம் தண்ணி கோரி, பிள்ளையோட உச்சந்தலையில மூணு தடவையா ஊத்தி, "பிதா சுதன் இஸ்பிரீத்து சாந்து நாமத்தினாலே உனக்கு ஞானஸ்நானம் குடுக்கிறேன்"ன்னு ஒரு பிழையில்லாமச் சொல்லுவாங்க. பழைய பங்குச் சாமியார், எங்க பேச்சுல அச்சன், ஒருத்தர் படிச்சுக் குடுத்ததாம். ஞாயித்துக்கிழமை காலையில அச்சன் தங்குற மேடைக்குப் போய் "இன்னார் வீட்டு ஆம்பளப்பிள்ளைக்குத் தண்ணி ஊத்தியாச்சு அச்சா"ன்னு சொன்னா அச்சன் புஸ்தகத்துல எழுதிக்குவார். செல்லுமான்னு கேக்காதீங்க, செல்லும். அவசரத்துக்கு யாரும் குடுக்கலாம், ஞானஸ்நானமே பெறாதவனும் குடுக்கலாம்னு 1439லயே ஆயர்கள் கூடின ஃப்ளாரன்ஸ் சங்கத்துல எழுதி வச்சாச்சு. இப்பவும் சட்டம் அதுதான்.

எங்க சித்திக்கு மட்டும் வலி முந்தி வந்துருச்சு. நல்ல மழை, ஓடை நிறைஞ்சு கிடக்குது, பாட்டி வந்து சேரும்போது எல்லாம் முடிஞ்சுபோச்சு. அந்தப் பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்துக்குள்ள விடல. மதிலுக்கு வெளிய, எருக்கு நிக்கிற இடத்துல ஒரு குழி. செபமில்ல, மணி அடிக்கல. ஞானஸ்நானம் இல்லாம செத்தா திருச்சபை அடக்கம் கிடையாதுன்னு 1917 கத்தோலிக்கச் சபைச் சட்டத்துல இருந்துச்சு, அதை எங்க பங்குல எழுத்துக்கு எழுத்து நடத்தினாங்க. நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் உள்ள மெழுகுதிரி கொளுத்தும்போது சித்தி மட்டும் வெளிய குத்தவச்சு இருப்பா.

இப்ப யோசிங்க. ஒரு பக்கம், திருநீறு பூசின ஒரு பாட்டி கையால ஊத்தின தண்ணியே மோட்சத்துக்குப் போதும்ங்கிற பெரிய மனசு. இன்னொரு பக்கம், அந்தப் பாட்டி ஓடை தாண்ட முடியாம நின்னதுக்குப் பிள்ளை மதிலுக்கு வெளிய. ரெண்டும் ஒரே சபை! சர்வேசுரன் என்ன, மழை பெஞ்சதுக்கு, பிறந்து மூணு நாழிகைகூட ஆகாத பிள்ளைக்கிட்ட கணக்குக் கேப்பாரா?

ஆதாமோட பாவத்தோடதான் பிள்ளை பிறக்குதுங்கிற இந்தப் பேச்சுக்கு மூலம் அகுஸ்தீனார்தான். பெரிய மூளை, நான் மறுக்கல. ஆனா தன் கதையை எழுதுற இடத்துல, பேச்சு வராத ஒரு பிள்ளை தன்கூடப் பால்குடிக்கிற இன்னொரு பிள்ளையைப் பொறாமையில வெளுத்துப்போய் மொறைச்சுப் பாத்துச்சு, அதை நான் கண்டேன்னு பாவத்துக்குச் சாட்சியா எழுதுறாரு. அட மனுஷா, அது பசி! இவரும் ஒரு மகனைப் பெத்தவர்தான், அந்தப் பையன் சின்ன வயசிலேயே செத்தும் போனான், இருந்தும் ஞானஸ்நானம் இல்லாத சிசுவுக்குத் தண்டனை உண்டு, என்ன, லேசான தண்டனைன்னாரு. ஜூலியன்னு ஒரு இத்தாலி ஆயர், பச்சப்பிள்ளையைத் தண்டிக்கிறவர் என்ன கடவுள்னு அவரை எதிர்த்து எழுதிக் கேட்டாரு. ஜூலியனைத்தான் சபை தள்ளி வச்சுது. தண்டனை ரொம்பக் கொடுமைன்னு தோணினதால பின்னால வந்தவங்க லிம்போன்னு ஒரு இடம் கட்டினாங்க, வலி இல்ல, மோட்சமும் இல்ல. கடைசியில 1992 மறைக்கல்வி நூல் அந்தப் பிள்ளைகளைக் கடவுளோட இரக்கத்துல விட்டுருச்சு, 2007ல ரோமாபுரி இறையியல் குழுவும் ரட்சிப்பு கிடைக்கும்னு நம்பிக்கையோட எதிர்பார்க்க நல்ல ஆதாரம் இருக்குன்னு எழுதிருச்சு. சந்தோஷம். சித்தி அதுக்கு முன்னாலயே போய்ச் சேந்துட்டா.

இத்தனைக்கும் இதுதான் கிறிஸ்தவம்னு இல்ல. நமக்கு வடக்க கேரளத்துல இருக்கிற ஓர்த்தடோக்ஸ்காரங்களைப் பாருங்க. ஆதாம்கிட்டேருந்து நமக்கு வந்தது சாவும் பலவீனமும்தான், அவன் செஞ்ச குற்றத்துக்கு நீ குற்றவாளி இல்லம்பாங்க. அவங்களும் பச்சப்பிள்ளைக்குத்தான் ஞானஸ்நானம் குடுக்கிறாங்க, அன்னைக்கே மூறோன்ங்கிற புனித எண்ணெய் பூசி குர்பானாவும், அதாவது நற்கருணையும், குடுத்துருவாங்க, பந்தியில உக்கார வைக்கிற மாதிரி. உங்க மச்சான் சபையோ பிள்ளை பாவின்னு சொல்லும், ஆனா பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்காது, புத்தி தெரியிற வயசு வரட்டும்னு சொல்லும். புத்தி தெரியாத பிள்ளைன்னா அப்ப எதுக்கு ஓய் தொட்டிலைக் காட்டினீரு?

மனுஷன் நல்லவன்னு நான் சொல்ல வரல. ஒரு சொத்துப் பாகம் வச்சுப் பாத்தவனுக்கு அந்த சந்தேகமே வராது. நான் சொல்றது வரிசையை. ஆதியாகமத்துல பாம்பு வர்றது மூணாம் அதிகாரம். முதல் அதிகாரத்துல "தேவன் தம்முடைய சாயலாக மனுஷனைச் சிருஷ்டித்தார்"னு இருக்கு. ஆதாம் பாவத்துல விழுந்தப்ப அந்தச் சாயல் அழிஞ்சுபோச்சுன்னு எங்கயும் இல்ல. ஜலப்பிரளயம் முடிஞ்சு ஒன்பதாம் அதிகாரத்துல நோவாகிட்ட, மனுஷ ரத்தம் சிந்தாத, ஏன்னா அவன் தேவசாயல்னுதான் கட்டளை. யாக்கோபு நிருபத்துலயும் அதேதான், தேவசாயலா உண்டான மனுஷனை சபிக்கிறியேன்னு திட்டுறாரு. உங்க மச்சான் மாதிரி ஆளுங்க பலாச்சக்கையை வெட்டிச் சுளையை எறிஞ்சுட்டுப் பிசினைக் கையில தேச்சுக்கிட்டு நிக்கிறாங்க.

அதுவும் நம்ம மாவட்டத்துல நின்னுக்கிட்டு! தோளை மூடினா துணியைக் கிழிச்ச ஊரு இது. 1859ல திருவிதாங்கூர் மகாராஜா விளம்பரம் போட்டுத்தான் நாடார் பெண்டுகளுக்கு மேல உடுத்த உரிமை, அதுவும் மேல்சாதிப் பெண்கள் உடுத்துற மாதிரி உடுத்தக் கூடாதுங்கிற கண்டிஷனோட. எல்.எம்.எஸ்.ங்கிற லண்டன் மிஷன் காலத்துல உங்க சபைக்கு வந்த பழைய ஆளுங்களுக்கு "நீ ஈனப்பிறவி"ன்னு சொல்ல ஒரு மிஷனரி கப்பலேறி வரணுமா, ஊரே அதைத்தானே சொல்லிட்டு இருந்துச்சு. அவங்க கேட்டு எழும்பி நின்னது முதல் அதிகாரத்தை. பள்ளிக்கூடம், பனங்காட்டுக் கடனுக்கு ஒத்தாசைன்னு வேற காரணமும் உண்டு, தெரியும். சபைக்கே போகாம சாமித்தோப்புல அய்யாவழி வைகுண்டர் தலைப்பாகை கட்டி கண்ணாடி முன்னால நின்னு கும்பிடச் சொன்னதும் தெரியும். எல்லாம் ஒரே பக்கமாத்தான் போகுது. நாலு தலைமுறை கழிச்சு, காரும் மாடி வீடும் வந்த பிறகு, அதே குடும்பத்துப் பிள்ளையோட தொட்டில்ல மூணாம் அதிகாரத்தைக் கட்டித் தொங்க விடுறீங்க.

ஞானஸ்நானம் இப்பவான்னு கேட்டீங்க. உங்க சபை வழக்கப்படி குடுங்க, நல்ல சாப்பாடு போடுங்க, பயந்துக்கிட்டுக் குடுக்காதீங்க. இந்தக் கடிதத்தை மூடிட்டு முதல்ல வீட்டுக்கு ஃபோன் போட்டு அவகிட்ட பேசுங்க, என்ன பேசணும்னு நான் சொல்லித் தர மாட்டேன். அடுத்த லீவுல மச்சான் செபத்துக்கு வந்தா எட்டாம் சங்கீதத்தை எடுத்துக் கையில குடுங்க, தேவதூதரிலும் சற்றுச் சிறியவனாக்கினீர்னு வரும். அதையும் மூணாம் அதிகாரத்துக்கே ஓட்டிக்கிட்டுப் போனார்னா ஒரு சாயா குடுத்து அனுப்பிருங்க.