மடிப்பை மறைக்கலாமா? பழைய நோட்டுச் சேகரிப்பாளர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (மதுரை வாசகர்): ஆறாம் ஜார்ஜ் மன்னர் படம் போட்ட பத்து ரூபாய் நோட்டு ஒன்றை ‘யு.என்.சி.’, அதாவது புழக்கத்துக்கே வராதது என்ற உறுதியின் பேரில் வாங்கினேன். வீட்டில் விளக்கருகே சாய்த்துப் பார்த்தால் நடுவில் ஒரு மடிப்புத் தடம் தெரிகிறது. விற்றவரிடம் கேட்டதற்கு, “லேசான மடிப்புதான், அழுத்தி எடுத்தாயிற்று, இப்போது அது யு.என்.சி.தான்” என்கிறார். இது சரியா?

பதில்: சரியில்லை. 1961இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு வங்கிநோட்டுச் சங்கம் (ஐ.பி.என்.எஸ்.) வகுத்த தர வரையறையைப் பல நாட்டுச் சேகரிப்பாளர்கள் பொது அளவுகோலாகக் கொள்கிறார்கள். அதன்படி, வெளியிட்டவரோ வங்கிக் காசாளரோ பொதுமக்களோ வியாபாரியோ யாருமே முறைகேடாகக் கையாளாத, தாள் விறைப்பும் மூலைகளின் கூர்மையும் குலையாத, நிறம் மாறாத நோட்டுக்கு மட்டுமே யு.என்.சி. பொருந்தும். அடுத்த படியான ‘ஏ.யு.’வில், அதாவது ஏறக்குறைய புழங்காதது என்ற தரத்தில், நடுவே ஒரு லேசான மடிப்பு இருக்கலாம், அல்லது கட்டு எண்ணும்போது மூலையில் விழுந்த மடிப்பு இருக்கலாம். இரண்டும் சேர்ந்து இருக்கக் கூடாது, மேற்பரப்பு உடையும்படி அழுந்திய மடிப்பு அறவே கூடாது. ஆகவே உங்கள் நோட்டில் வேறு குறையே இல்லையென்றாலும் அது ஏ.யு.வைத் தாண்டாது.

மடிப்பு விழுந்த இடத்தில் தாளின் இழைகள் நிலைகுலைந்துவிடுகின்றன; கனமான புத்தகத்துக்கு அடியில் மாதக்கணக்கில் வைத்தாலும், ஈரப்படுத்தி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தாலும் அவை பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. கண்ணுக்குத் தெரியும் கோடு மங்குமே தவிர, இருட்டறையில் டார்ச் வெளிச்சத்தை நோட்டின் விளிம்பிலிருந்து படுக்கைவாட்டில் அடித்தால் அந்தத் தடம் நிழல்கோடாக எழுந்து நிற்கும். அழுத்துவதால் வேறொரு சேதமும் உண்டு. 1996இல் வந்த மகாத்மா காந்தி வரிசையின் நூறு ரூபாய் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: காந்தியின் உருவம், ரிசர்வ் வங்கியின் முத்திரை, ஆளுநரின் கையொப்பம் ஆகியவை மேடாக எழும்பும்படி அச்சிடப்பட்டவை, புதிய நோட்டில் விரல் நுனியால் வருடினால் அந்த மேடு தட்டுப்படும். தாள் மொடமொடப்பாகத் தோன்றியும் மேடு மட்டும் தட்டையாகிப் போயிருந்தால், அந்த நோட்டின்மேல் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும். சோப்புத் தூளில் அலசிய நோட்டைக் கண்டுபிடிப்பது இன்னும் எளிது. நோட்டுத் தாள் புற ஊதா விளக்கில் ஒளிராது. சோப்புத் தூளில் உள்ள வெளுப்பூட்டிகள் ஏறிய தாளோ நீலம் பாய்ந்து ஒளிரும்.

அழுத்துவதும் அலசுவதும் நோட்டின் தரத்தையும் மதிப்பையும் குறைக்கும் என்பதே மேற்சொன்ன சங்கத்தின் நிலைப்பாடு. அதைவிடப் பெரிய தவறாக நான் கருதுவது, செய்ததைச் சொல்லாமல் விற்பது. உங்களுக்கு விற்றவர் மடிப்பை அறிந்திருந்தார், அழுத்தியதையும் அறிந்திருந்தார், நீங்கள் கேட்கும்வரை இரண்டையும் சொல்லவில்லை. அழுத்திய ஏ.யு. என்று சொல்லி அதற்குரிய விலைக்கு விற்றிருந்தால் அவர்மேல் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இருந்திருக்காது. பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். இனி வாங்கும்போது தரத்தையும், திருத்த வேலை எதுவும் நடக்கவில்லை என்பதையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி (திருச்சி வாசகி): வங்கியில் பணியாற்றிய என் தந்தை விட்டுச்சென்ற ஒரு ரூபாய்க் கட்டில் எல்லா நோட்டுகளும் புத்தம்புதிதாக இருக்கின்றன, ஆனால் ஓரத்தில் ஸ்டேப்பிள் பின் குத்திய ஓட்டைகள் உள்ளன. இவற்றை யு.என்.சி. என்று சொல்லலாமா?

பதில்: கட்டுகளுக்குப் பின் அடிக்கும் வழக்கத்தைக் கைவிடும்படி ரிசர்வ் வங்கி 2001இல் வங்கிகளுக்கு உத்தரவிட்டது; அதற்கு முந்தைய இந்திய நோட்டுகளில் ஓட்டை இல்லாததைத் தேடிப் பிடிப்பதுதான் கடினம். அதனால் நம் சேகரிப்பாளர்கள் இதைப் பெரிய குறையாக எண்ணுவதில்லை, எனக்கும் அதில் உடன்பாடே. நோட்டைப் பார்த்துத் தரத்துக்கு எண் போட்டு உறையிலிட்டுத் தரும் தர நிர்ணய நிறுவனங்களும் இத்தகைய நோட்டுக்கு நல்ல எண் கொடுத்து, வெளியீட்டின்போதே விழுந்த பின் ஓட்டை என்று உறையில் குறிப்பிடுகின்றன. நீங்களும் ‘யு.என்.சி., பின் ஓட்டையுடன்’ என்றே எழுதுங்கள். பின் துருப்பிடித்துக் கறை இறங்கியிருந்தால் அதைத் தனியே சொல்ல வேண்டும். ஓட்டையைத் தாள்கூழ் வைத்து அடைத்துத் தருவதாக யாராவது முன்வந்தால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கேள்வி (கோவை வாசகர்): வெளிநாட்டுத் தர நிர்ணய நிறுவனத்திடம் எழுபதுக்கு 64 என்ற தர எண் வாங்கிய நோட்டை உறையிலிருந்து பிரித்து மறுபடி அனுப்பினால் 65 கிடைக்கும் என்று நண்பர் சொல்கிறார். இது நேர்மையா? அப்படியானால் அந்த எண்ணுக்கு என்ன பொருள்?

பதில்: எழுபது புள்ளி அளவுகோலை 1949இல் வில்லியம் ஷெல்டன் அமெரிக்காவின் பழைய பெரிய செம்புக் காசுகளுக்காக வகுத்தார்; மிக மட்டமான காசின் விலையைப்போல் எத்தனை மடங்கு பெறும் என்ற கணக்கே அந்த எண்களின் அடிப்படை. பிறகு அது எல்லா நாணயங்களுக்கும், அங்கிருந்து நோட்டுகளுக்கும் வந்தது. 2005இல் தொடங்கிய பி.எம்.ஜி. போன்ற நிறுவனங்கள் இதையே பின்பற்றுகின்றன. 64க்கும் 65க்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் ஓர வெள்ளை நான்கு பக்கமும் எவ்வளவு சமமாக இருக்கிறது, கையாண்ட சுவடு எவ்வளவு என்பதுபோன்ற நுணுக்கங்கள். அவற்றை அளப்பது மனிதக் கண், ஆகவே முடிவு ஒரு புள்ளி இங்குமங்கும் நகர்வது இயல்பே. நோட்டைத் தொடாமல் மறுபடி அனுப்புவதில் நான் தவறு காணவில்லை. இடையில் ஓரத்தைச் சீவினாலோ அழுத்தினாலோ அது மோசடி. எண்ணைவிட நான் முதலில் பார்ப்பது அதனருகே ‘இ.பி.கியூ.’ என்ற எழுத்துகள் உண்டா என்பதைத்தான். தாள் இயல்பு நிலையில், திருத்தப்படாமல் இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். உறையிலேயே போலிகள் வருவதால், அதிலுள்ள சான்று எண்ணை அந்நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்குள்ள படத்தோடு நோட்டின் வரிசை எண்ணை ஒப்பிட்ட பிறகே பணம் கொடுங்கள்.

கேள்வி (நெல்லை வாசகர்): தாத்தாவின் நோட்டுகளைப் பார்த்துத் தரம் சொன்ன வியாபாரியே, அவற்றைத் தானே வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: அவரிடம் கொடுக்காதீர்கள். தரத்தைக் குறைத்துச் சொன்னால் லாபம் பெறுகிறவர் தரம் சொல்லக் கூடாது; தர நிர்ணய நிறுவனங்கள் தங்களிடம் தரம் பார்ப்பவர்களை நோட்டு வியாபாரம் செய்ய விடாததற்கும் இதுவே காரணம். கட்டணம் கொடுத்து ஒருவரிடம் தரம் கேளுங்கள், வேறொருவருக்கு விற்றுவிடுங்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி யாராவது கமிஷனோ வரியோ முன்பணமாகக் கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்; பழைய நோட்டு விற்பனையில் தனக்கு எந்தத் தொடர்பும் இல்லை என்று அந்த வங்கி 2021 ஆகஸ்டிலேயே பொதுமக்களை எச்சரித்திருக்கிறது.