ஹீமோகுளோபின் 11.8 என்று ரத்தம் எடுக்காமல் அனுப்பிவிட்டார்கள். அப்படியானால் யார்தான் ரத்ததானம் செய்யலாம்?

வயது 20, எடை 50 கிலோ, ஒரு நோயும் இல்லை, கல்லூரி முகாமில் இரண்டு மணி நேரம் நின்றும் "உனக்கு ரத்தம் பத்தாது" என்று திருப்பிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வருத்தம் நியாயமானது. ஆனால் சொல்லவேண்டியதை அவர்கள் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். திருப்பி அனுப்பினால் "என்ன காரணம், மறுபடி எப்போது வரலாம்" என்று கேட்டு, அதை எழுதி வாங்குங்கள். பெரும்பாலான மறுப்புகளுக்குத் தேதி உண்டு.

இந்தியாவில் ரத்தம் கொடுக்க, ஆணுக்கும் பெண்ணுக்கும் 100 மி.லி. ரத்தத்தில் 12.5 கிராம் ஹீமோகுளோபின் இருக்கவேண்டும். பெண்களுக்கு 12க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை. அதனால் 12.2 உள்ள பெண் நோயாளி இல்லை, ஆனாலும் கொடுக்க முடியாது. உங்கள் 11.8 லேசான ரத்தசோகை. 350 மி.லி. எடுத்தால் ஏறக்குறைய 150 மில்லிகிராம் இரும்புச்சத்து கூடவே போய்விடும். சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளைக்கு உறிஞ்சுவது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். மாதவிடாயில் வேறு போகிறது. ஒரு தடவை கொடுத்து அடுத்த தடவைக்கு ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி என்று வைத்திருப்பதன் கணக்கு இதுதான். "அமெரிக்காவில் 56 நாளிலேயே கொடுக்கிறார்களே" என்று யாராவது பின்னூட்டம் போடலாம். நான் சொல்வது இங்கே உள்ள விதி.

அந்த 11.8 சரியாக எடுத்ததா என்பதையும் பாருங்கள். விரலை அமுக்கிப் பிதுக்கினால் ரத்தத்தோடு திசுக்களில் உள்ள நீரும் கலந்து அளவு குறைவாகக் காட்டும். தானாகத் திரளும் சொட்டுதான் சரியான சொட்டு. முதல் சொட்டைத் துடைத்துவிட்டு அடுத்ததை எடுக்கவேண்டும். சில இடங்களில் கருவி இருக்காது. நீல நிற மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலில் சொட்டு விடுவார்கள். கரைசலின் ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.053. சொட்டு 15 விநாடிக்குள் அடியில் இறங்கினால் தேறியது. மிதந்தாலோ, பாதியில் நின்று மேலே ஏறினாலோ இல்லை. சொட்டில் காற்றுக்குமிழ் இருந்தாலும் மிதக்கும். ஒரே கரைசலில் அளவுக்கு மீறிச் சொட்டு விட்டாலும் கணக்குத் தப்பும். சந்தேகமிருந்தால் மறு கையில் புதிதாகக் குத்திப் பார்க்கச் சொல்லலாம். கேட்பதில் தப்பே இல்லை.

மறுபடியும் 12க்குக் கீழே வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் டாக்டரைப் பாருங்கள். மாதவிடாயில் அதிகம் போகிறதா, வயிற்றில் கொக்கிப்புழு இருக்கிறதா என்று பார்த்துத்தான் மாத்திரை கொடுக்கவேண்டும். இரும்பு மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு போடுங்கள். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். அளவு சரியான பிறகும் டாக்டர் நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தாதீர்கள். உடம்பில் இரும்புச் சேமிப்பு நிரம்ப இன்னும் சில மாதம் ஆகும். பீட்ரூட் சாறு சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறாது. முருங்கைக்கீரையும் கேழ்வரகும் சாப்பிடுங்கள், ஆனால் மாத்திரையின் இடத்தை அவை பிடிக்காது.

மற்றபடி வயது 18 முதல் 65 வரை. முதல் தடவை கொடுப்பவர் 60 தாண்டியிருக்கக் கூடாது. எடை 45 கிலோ இருந்தால் 350 மி.லி., 55க்கு மேல் என்றால் 450 வரை எடுக்கலாம். பிரஷர் மேலே 100–140, கீழே 60–90. மாத்திரை போட்டு அந்த அளவில் இருந்து, 28 நாளாக மாத்திரை அளவு மாறவில்லை என்றால் கொடுக்கலாம். சுகர் மாத்திரைக்கும் அதே மாதிரிதான். இன்சுலின் போடுபவர் கூடாது. வலிப்பு, இதயநோய், புற்றுநோய், மஞ்சள்காமாலை பி அல்லது சி (ஹெபடைட்டிஸ் பி, சி) வந்தவர்கள் எப்போதுமே கொடுக்கக் கூடாது.

நம் பக்கம் நிறையப் பேர் தவறவிடுவது இதை: பங்குனியில் நேர்த்திக்கடனுக்கு அலகு குத்தியவர் டாட்டூ போட்டவர் மாதிரியே 12 மாதம் பொறுக்கவேண்டும். "சாமிக்குக் குத்தினது, ஒன்றும் ஆகாது" என்பார்கள். பக்தியைக் குறை சொல்லவில்லை. ஊசி ஒருவர் உடம்பிலிருந்து இன்னொருவர் உடம்புக்குப் போயிருந்தால் கிருமியும் போயிருக்கும், அவ்வளவுதான். நாய் கடித்துத் தடுப்பூசி போட்டிருந்தால் ஒரு வருஷம். டெங்கு, சிக்குன்குனியா குணமாகி 6 மாதம், மலேரியாவுக்கு 3 மாதம், டைபாய்டுக்கு 12 மாதம். பல் பிடுங்கினால் 6 மாதம். பிரசவத்துக்குப் பின் 12 மாதம், பால் கொடுக்கும் காலம் முழுவதும் கூடாது. மாதவிடாய் நாட்களிலும் வேண்டாம்.

படிவத்தில் எதையும் மறைக்காதீர்கள். எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை பி, சி, மேகநோய் (சிபிலிஸ்), மலேரியா ஐந்துக்கும் ரத்தத்தைச் சோதிப்பார்கள். ஆனால் தொற்றிய புதிதில் சோதனையில் தெரியாத சில நாட்கள் உண்டு. இலவசமாக டெஸ்ட் ஆகும் என்று ரத்தம் கொடுக்க வருபவர்கள் இருக்கிறார்கள். அதைக் கேட்டால் மனசு கொதிக்கிறது. அதற்கு அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. சோதனைக்கான நம்பிக்கை மையம் இருக்கிறது. யாருக்கும் தெரியாமல் காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம்.

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். சாப்பிட்டு நான்கு மணி நேரத்துக்குள் கொடுங்கள், போகும் முன் அரை லிட்டர் தண்ணீர் குடியுங்கள். சித்திரை வெயிலில், விரதத்தோடு வருபவர்கள்தான் மயங்கி விழுகிறார்கள். கொட்டாவி, நெற்றியில் வேர்வை, உதடு வெளுப்பது, இவை முன்கூட்டியே தெரியும். உடனே சொல்லுங்கள், காலைத் தூக்கிவைத்தால் சரியாகும். ஊசி எடுத்ததும் முழங்கையை மடக்காமல் நீட்டி, பஞ்சை அழுத்திப் பிடியுங்கள். மடக்கினால் ரத்தம் கட்டி நீலம் பாய்ந்துவிடும். கால் மணி நேரமாவது உட்கார்ந்திருந்துவிட்டுக் கிளம்புங்கள். எழுந்தவுடன் டூவீலரை எடுக்காதீர்கள், மயக்கம் தாமதித்தும் வரும்.

கேள்விக்கு வெளியே ஒன்று. தலைவர் பிறந்தநாளுக்கு ஒரே நாளில் பத்து முகாம் போடுகிறார்கள். பேனருக்கு எண்ணிக்கை வேண்டும், அதனால் விரல் பிதுங்குகிறது, கேள்விகள் பாதியாகின்றன. சிவப்பணு 35 முதல் 42 நாள்தான் தாங்கும், தட்டணுவுக்கு (பிளேட்லெட்) 5 நாள்தான் ஆயுள். அந்த வாரம் ரத்த வங்கியின் குளிர்பெட்டி நிறைந்து வழியும், அடுத்த மாதம் நோயாளியின் சொந்தக்காரர்கள் ரத்தம் தேடி வார்டுக்கு வெளியே கைபேசியோடு அலைவார்கள்.

அதனால் உங்கள் அளவு ஏறியதும் அடுத்த முகாமுக்குக் காத்திருக்க வேண்டாம். மதுரை கோரிப்பாளையத்தில் பெரியாஸ்பத்திரி (அரசு ராஜாஜி மருத்துவமனை) ரத்த வங்கி இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு, காலையில் கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து நேரில் போங்கள்.