ஃபேஸ் (phase) மாஸ்க்: படத்தைக் கெடுத்துச் சரிசெய்யும் தட்டு – கேள்வி பதில்

கே: டெப்த் ஆஃப் ஃபீல்டைக் (ஒரே படத்தில் தெளிவாகத் தெரியும் ஆழத்தை) கூட்ட இந்தத் தட்டு எதற்கு? அபர்ச்சரைச் (லென்ஸின் துளையைச்) சுருக்கினால் போதாதா?

ப: வெயிலில் போதும். துளையை எஃப்/2-இலிருந்து எஃப்/8-க்குச் சுருக்கினால் சென்சாருக்கு வரும் ஒளி 16-இல் ஒரு பங்காகிவிடும். மைக்ரோஸ்கோப்பில் இன்னொரு தொல்லையும் உண்டு: துளை சுருங்கினால் நுணுக்கமும் போய்விடும். 0.5 என்.ஏ. (ஒளியை வாங்கும் கோணத்தின் அளவு) கொண்ட அப்ஜெக்டிவில் (மாதிரிக்குப் பக்கத்து லென்ஸில்) பச்சை ஒளிக்குத் தெளிவாகத் தெரியும் ஆழம் சுமார் 2 மைக்ரான்தான். ஒரு சிவப்பணுவின் விட்டமே 7, 8 மைக்ரான்!

கே: மாஸ்க் என்றால் ஒளியை மறைக்குமா?

ப: இல்லை, பெயர்தான் அப்படி. தெளிவான தட்டு, தடிமன் மட்டும் இடத்துக்கு இடம் மாறும். தடிமனான இடத்தில் ஒளி அலை கொஞ்சம் தாமதமாகும் (இதைத்தான் ஃபேஸ் மாற்றம் என்பார்கள்), அவ்வளவே.

கே: படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கி, பிறகு கம்ப்யூட்டரில் சரிசெய்கிறார்களாமே. கெடுக்காமலே இருக்கலாமே?

ப: நல்ல கேள்வி. சாதாரண லென்ஸில் ஃபோகஸ் தவறினால் சில நுண்விவரங்கள் அடியோடு அழிந்துவிடும். அழிந்ததை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. அதோடு ஒவ்வொரு தூரத்துக்கும் மங்கல் ஒவ்வொரு விதம். 1995-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் டவ்ஸ்கியும் தாமஸ் கேத்தியும் முப்படி (x³) வளைவுள்ள ஃபேஸ் மாஸ்க் தட்டைப் போட்டுக் காட்டினார்கள். அதன் வழியே வரும் விவரங்கள் வெளிறிப்போகும், ஆனால் பூஜ்யமாவதில்லை. ஒரு புள்ளி, இரண்டு பக்கம் வால் முளைத்த மூலை மாதிரி விழும். அருகிலும் தொலைவிலும் கிட்டத்தட்ட அதே வடிவத்தில். எனவே மொத்தப் படத்தையும் ஒரே கணக்கால் திருத்திவிடலாம்.

கே: அதில் வலுவை 'மாற்றக்கூடிய' மாஸ்க் எதற்கு? வலுவான ஒன்றைப் போட்டுவிட்டால்?

ப: வலு கூடக்கூட ஆழம் கூடும், விவரம் இன்னும் வெளிறும். அதைத் தூக்கி நிறுத்தும்போது நாய்ஸும் (படத்தில் தெரியும் புள்ளி இரைச்சலும்) சேர்ந்தே எழும். தட்டையான ஸ்லைடுக்கு மாஸ்க்கே தண்டம். தடித்த மாதிரிக்கு நிறைய வேண்டும். அதனால் திருகினால் கூடிக் குறைகிற மாதிரி இருப்பது நல்லது.

எனக்குப் பிடித்த வழி, ஒன்றன் மேடு மற்றதன் பள்ளத்தில் பொருந்தும் இரண்டு நாற்படி (x⁴) வளைவுத் தட்டுகள். நேராக வைத்தால் ஒன்றையொன்று கழித்து, மாஸ்க்கே இல்லாத மாதிரி ஆகிவிடும். மூலைவாட்டில் எதிரெதிராகத் தள்ளினால் நாற்படி கழிந்து முப்படி மிஞ்சும், தள்ளிய தூரத்துக்கு நேர்விகிதத்தில். கூடவே ஒருபடி (x) உறுப்பு ஒன்றும் ஒட்டிக்கொண்டு வந்து படத்தைப் பக்கவாட்டில் லேசாக நகர்த்தும், பயப்பட வேண்டாம். இதே தந்திரத்தை ஒரு படி கீழே, அதாவது முப்படித் தட்டுகளில் செய்தால் பவர் மாறும் லென்ஸ் கிடைக்கும்: இயற்பியலாளர் லூயிஸ் அல்வாரெஸ் 1967-இல் காப்புரிமை பெற்றது அதற்குத்தான். மறு ஆண்டு நோபல் வாங்கியது வேறு வேலைக்கு.

கே: திருத்திய படத்தில் விளிம்புக்குப் பக்கத்தில் பேய் மாதிரி இரட்டைக்கோடு வருகிறது.

ப: தட்டை நகர்த்திய பிறகு, ஒரு புள்ளி எப்படி விழுகிறது என்று பார்க்க ஊசித்துளையை மறுபடி படமெடுத்தீர்களா? தட்டின் ஒவ்வொரு நிலைக்கும் தனி ஃபில்டர் (கம்ப்யூட்டரில் திருத்தும் கணக்கு) வேண்டும். நானே ஒருமுறை பழைய ஃபில்டரை ஓட்டிவிட்டு மதியம் முழுக்க லென்ஸைத் திட்டிக்கொண்டிருந்தேன். புது ஃபில்டர் போட்டும் லேசாக இருந்தால் அது இந்த முறையோடு பிறந்தது. மங்கல் 'கிட்டத்தட்ட' ஒரே மாதிரி என்றேனே, அந்தக் 'கிட்டத்தட்ட'தான் கோடாக வருகிறது.

கே: காய்ந்த பூச்சிகளைப் படமெடுக்கிறேன். வாங்கலாமா?

ப: வேண்டாம். பூச்சி எங்கும் ஓடாது. ஃபோகஸை நகர்த்தி நகர்த்தி முப்பது படம் எடுத்துச் சேர்த்துவிடுங்கள். உயிரோடு துள்ளுகிற ஏதாவது கிடைத்தால் அப்புறம் பேசலாம்.