வீட்டுப் பட்டறைக்கு எந்த ஜாயிண்டர்? – கேள்வி பதில்

வீட்டிலேயே சின்னதாக மரவேலைப் பட்டறை வைத்திருப்பவர்கள் அதிகம் குழம்புவது ஜாயிண்டர் விஷயத்தில்தான். நம் ஊர்க் கடைகளில் 'சர்ஃபேஸ் பிளேனர்' என்று கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள். இரண்டும் ஒன்றுதான்: வளைந்த பலகையின் ஒரு முகத்தையும் ஒரு விளிம்பையும் நேராகச் சீவித் தரும் மெஷின். அதைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன்.

என்னிடம் 12½ அங்குல திக்னஸ் பிளேனர் இருக்கிறது. முறுக்கிய பலகையை உள்ளே விட்டால் முறுக்காகவே வெளியே வருகிறது. மெஷினில் கோளாறா? (மதுரை)

கோளாறு எதுவும் இல்லை. திக்னஸ் பிளேனரில் கத்தி மேலே இருக்கிறது. உருளைகள் பலகையைக் கீழே இருக்கும் மேஜையோடு அழுத்திக்கொண்டே தள்ளும். அந்த அழுத்தத்தில் வளைந்த பலகை கொஞ்ச நேரம் நேராகப் படுக்கும், கத்தி சீவும், வெளியே வந்ததும் பழையபடி வளைந்துகொள்ளும். கனம் சீராகுமே தவிர வளைவு போகாது.

ஜாயிண்டரில் கத்தி கீழே இருக்கிறது. முன் மேஜை கத்தியைவிட ஒரு மயிரிழை தாழ்வாகவும், பின் மேஜை கத்தி முனையின் உச்சிக்குச் சரிமட்டமாகவும் இருக்கும். அந்த உயர வித்தியாசம்தான் சீவும் ஆழம். பலகையை அமுக்கி நேராக்காமல் தள்ளினால், மேடாக இருக்கும் இடங்கள் மட்டும் சீவப்பட்டு ஒரு முகம் தட்டையாகும். அந்த முகத்தை, மேஜை ஓரத்தில் செங்குத்தாக நிற்கும் தடுப்பான ஃபென்ஸில் சாய்த்து ஒரு பக்க விளிம்பை நேராக்க வேண்டும். அப்புறம்தான் திக்னஸ் பிளேனர், கடைசியில் ரம்பம். இந்த வரிசையை மாற்றினால் எந்த மெஷின் வைத்திருந்தாலும் பலகை சரியாக வராது.

ஆனால் நீங்கள் உடனே ஜாயிண்டர் வாங்க வேண்டியதில்லை. 18 மி.மீ. பிளைவுட் இரண்டை ஒட்டி, பலகையைவிடச் சற்று நீளமாக ஒரு தட்டு செய்யுங்கள். முறுக்கிய பலகையை அதன்மேல் வைத்து, ஆடும் இடங்களில் மெல்லிய ஆப்பு செருகி, ஆப்பு நகராமல் பசையால் பிடிக்க வையுங்கள். தட்டின் முன்னால் ஒரு சின்னத் தடுப்புக் கட்டை இருக்கட்டும். அப்படியே திக்னஸ் பிளேனருக்குள் விட்டால் மேல்முகம் தட்டையாகிவிடும். பிறகு பலகையைப் புரட்டி, தட்டு இல்லாமல் விடலாம். 10 அங்குல அகலப் பலகைக்கும் இது சரிப்படும். அவ்வளவு அகலத்துக்கு ஜாயிண்டர் வாங்கினால் வீட்டில் வைக்க இடம் இருக்காது. மாதம் ஒரு சாமான் செய்பவருக்கு இது போதும்.

6 அங்குலமா, 8 அங்குலமா? கடைக்காரர் பெரியதையே வாங்கச் சொல்கிறார். (திருச்சி)

ஒரே தடவையில் சீவக்கூடிய அகலத்தைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது மேஜையின் நீளம். முன் மேஜை, பின் மேஜை இரண்டும் சேர்ந்து எவ்வளவு நீளமோ, அதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு நீளம் வரைதான் பலகையை நம்பிக்கையோடு நேராக்க முடியும். 4 அடி மேஜை என்றால் 8 அடிப் பலகை. அதற்கு மேல் போனால் தள்ளுபவரின் கைப்பக்குவத்தைப் பொறுத்தது.

ஆகவே நீங்கள் செய்யும் சாமான்களை வைத்துக் கணக்குப் போடுங்கள். நாற்காலிக் கால், அலமாரிச் சட்டம், சுவர் தட்டு என்றால் பெரும்பாலும் 4 அடிக்குள் முடிந்துவிடும். 6 அங்குல மெஷின் போதும். கட்டிலும் கதவுச் சட்டமும் செய்பவர் என்றால் 5½, 6 அடி மேஜை உள்ளதைப் பாருங்கள். அந்த நீளம் வரும்போது அகலமும் பெரும்பாலும் 8 ஆகவே வரும்.

அகலம் முக்கியமில்லை என்று சொல்லவில்லை. நம் ஊர் மரக்கடைகளில் தேக்குப் பலகை 7, 8 அங்குலத்தில் சாதாரணமாகக் கிடைக்கிறது. அதை 6 அங்குல மெஷினுக்காக நடுவில் அறுத்து ஒட்டும்போது மனம் வலிக்கும். இடமும் பணமும் இருந்தால் 8 வாங்குங்கள். ஆனால் குட்டை மேஜையுள்ள 8-ஐவிட நீள மேஜையுள்ள 6 எனக்குப் பிடிக்கும். பலகைக்கு முன்னும் பின்னும் இடம் வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். 5 அடிப் பலகை தள்ள, மெஷினையும் சேர்த்து 12 அடியாவது நேர்கோட்டில் காலியாக இருக்க வேண்டும்.

மேசைமேல் வைக்கும் சின்ன அலுமினிய ஜாயிண்டர் வாங்கலாமா? அடுக்குமாடியில் இருக்கிறேன். (சென்னை)

இரண்டு, இரண்டரை அடி மேஜை, கையால் தூக்கக்கூடிய எடை. சின்னப் பெட்டிகள், படச்சட்டங்கள் செய்பவருக்கு நல்ல உதவி. ஆனால் இவற்றில் பெரும்பாலும் மிக்ஸியில் இருப்பது போன்ற பிரஷ் மோட்டார்தான் இருக்கும். அது போடும் சத்தம் பக்கத்து வீட்டுக்கு மட்டுமல்ல, உங்கள் காதுக்கும் ஆகாது. காதுக் கவசம் கட்டாயம். வார்ப்பிரும்பு மெஷினில் இருக்கும் இண்டக்‌ஷன் மோட்டார் இவ்வளவு கத்தாது. ஆனால் அந்த மெஷின் 100 கிலோவைத் தாண்டும். மாடிக்கு ஏற்றுமுன் இதையும் யோசியுங்கள்.

82 மி.மீ. கை பிளேனரைத் தலைகீழாக மேஜையில் பொருத்தி ஜாயிண்டர் மாதிரி பயன்படுத்துகிறேன். நண்பர் வேண்டாம் என்கிறார். (நாமக்கல்)

உங்கள் நண்பர் சொல்வதைக் கேளுங்கள். அந்த பிளேனரின் அடித்தட்டு ஓர் அடி இருந்தாலே பெரிது. அந்த நீளத்தில் 4 அடிப் பலகையை நேராக்க முடியாது, வளைவின் மேலேயே ஏறி இறங்கிப் போகும். அதைவிட முக்கியம், கத்தி மூடியில்லாமல் மேல்நோக்கிச் சுழல்கிறது. கைப்பிடி விசையை அழுத்தியபடியே டேப்பால் ஒட்டி வைத்துவிட்டு இப்படி வேலை செய்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். கை வழுக்கினால் நிறுத்துவதற்கு ஒரு சுவிட்ச்கூட எட்டாது. தயவுசெய்து இன்றே கழற்றிவிடுங்கள்.

இழுத்து மூடிய பட்டறை ஒன்றில் பழைய 9 அங்குல சர்ஃபேஸ் பிளேனர் மலிவாக வருகிறது. என்ன பார்த்து வாங்க வேண்டும்? (கோயம்புத்தூர்)

முதலில் கட்டர் பிளாக்கைப் பாருங்கள். சுழலும் அந்த உருளை வட்டமாக இருக்கிறதா, சதுரமாக இருக்கிறதா? சதுரமாக இருந்தால் விலை பேசவே வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள். சதுர பிளாக்கில் கத்திக்கும் மேஜைக்கும் நடுவே பெரிய பள்ளம் விழும். விரல் உள்ளே போனால் முழுவதாக இழுத்துக்கொள்ளும். பிரிட்டனில் 1922-ஆம் ஆண்டு விதிகளிலேயே, கையால் தள்ளும் பிளேனரில் வட்ட பிளாக்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கிவிட்டார்கள். நூறு ஆண்டுக்குப் பிறகும் நாம் சதுர பிளாக்கில் விரலைப் பணயம் வைக்க வேண்டுமா?

அடுத்து மேஜை. 4 அடி நேர்க்கோல் ஒன்றும், மெக்கானிக்குகள் வைத்திருக்கும் ஃபீலர் கேஜும் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) எடுத்துப் போங்கள். நீளவாக்கிலும் மூலைக்கு மூலையும் கோலை வையுங்கள். 0.1 மி.மீ. தகடு எங்காவது தாராளமாக நுழைந்தால் யோசிக்க வேண்டியதுதான். மேலோட்டமான துருவுக்குப் பயப்பட வேண்டாம், தேய்த்தால் போய்விடும். வார்ப்பில் வெல்டிங் தடம் தெரிந்தால் பயப்படுங்கள். மின் இணைப்பை எடுத்துவிட்டு பிளாக்கைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போயிருக்கிறது. பேரிங்கை மாற்றிவிடலாம், மேஜையை மாற்ற முடியாது.

நான் முதலில் வாங்கியதும் பழைய மெஷின்தான். புதுப் பெயின்ட் பளபளவென்று இருந்தது. பின் மேஜை நடுவில் குழிந்திருந்ததை விற்றவர் சொல்லவில்லை, நானும் கோல் வைத்துப் பார்க்கவில்லை. என் கைதான் சரியில்லை என்று எட்டு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ நல்ல வேங்கைச் சட்டங்கள் அதில் வீணாயின. அதனால்தான் கோல் இல்லாமல் யாரும் மெஷின் பார்க்கப் போகக்கூடாது என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சுழல் கட்டர் கூடுதல் விலைக்குத் தகுமா? நான் காரைக்குடிப் பழைய தேக்குக் கதவுகளை வாங்கி வேலை செய்கிறேன். (சிவகங்கை)

உங்களுக்குத் தகும். சுழல் கட்டரில் நீளக் கத்திக்குப் பதில் சதுரமான சின்னச் சின்ன கார்பைடு பற்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நான்கு முனை. ஒரு முனை மழுங்கினால் திருகைத் தளர்த்தி, கால் சுற்று திருப்பிப் போட்டால் முடிந்தது. சத்தமும் குறைவு. கணு உள்ள மரத்திலும், நார் இங்கும் அங்கும் ஓடும் மரத்திலும் பிய்த்தெடுக்காது.

ஆனால் பழைய கதவில் உங்களுடைய பெரிய எதிரி ஆணி. தலை உடைந்து உள்ளேயே நிற்கும் இரும்பாணி கண்ணுக்குத் தெரியாது. சாதாரணக் கத்தியானால் அதன் முனை ஓரிடத்தில் உடைந்து, அதன்பின் சீவும் ஒவ்வொரு பலகையிலும் முழு நீளத்துக்கும் ஒரு கோடு நிற்கும். சுழல் கட்டரில் அடிபட்ட ஒரு பல்லைத் திருப்பினால் போதும். எப்படியானாலும் கையடக்க மெட்டல் டிடெக்டர் ஒன்று வாங்கி, இரண்டு முகத்திலும் ஓட்டிய பிறகே மெஷினில் ஏற்றுங்கள். பழைய பெயின்ட்டையும் மண்ணையும் முன்பே சுரண்டி எடுத்துவிடுங்கள்.

புதுத் தேக்கும் மாமரமும் மட்டும் சீவுபவர்களுக்குச் சாதாரண ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) கத்தி போதும். இரண்டு செட் வைத்துக்கொண்டு, ஒன்று சாணைக்குப் போகும்போது மற்றதை மாட்டலாம்.

வீட்டில் சிங்கிள் பேஸ்தான். எத்தனை ஹெச்.பி. வரை தாங்கும்? (தஞ்சாவூர்)

6 அங்குலத்துக்கு 1 முதல் 1½ ஹெச்.பி., 8 அங்குலத்துக்கு 2 ஹெச்.பி. இவை சிங்கிள் பேஸிலேயே ஓடும். 16 ஆம்ப் பிளக்குக்குத் தனி வயர் இழுத்துவிடுங்கள். கிளம்பும்போது மோட்டார் சாதாரண ஓட்டத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டினால் வயர் சூடாகும்.

இன்னொன்று, யாரும் கேட்பதில்லை, நான் எல்லாரிடமும் சொல்வது: சாதாரண சுவிட்ச் வைக்காதீர்கள். கரண்ட் போகும்போது மெஷின் நிற்கும். என்ன ஆயிற்று என்று குனிந்து கத்தியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் வந்தால் தானாகவே சுழலத் தொடங்கிவிடும். கரண்ட் போனதும் தானே விடுபட்டு, மறுபடி பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் கிளம்பும் ஸ்டார்ட்டர் எலக்ட்ரிக்கல் கடைகளிலேயே கிடைக்கிறது. அதை மாட்டிய பிறகே முதல் பலகையைத் தள்ளுங்கள்.

டொரொண்டோவில் ஒரு நல்ல ஜாயிண்டர் வைத்திருக்கிறேன். ஊர் திரும்பும்போது கொண்டு வரலாமா?

அங்கே வீட்டு பிளக்கில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்டேஜை டிரான்ஸ்ஃபார்மர் வைத்துக் குறைக்கலாம், ஹெர்ட்ஸை அது மாற்றாது. இண்டக்‌ஷன் மோட்டார் இங்கே ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும், அதிகம் சூடாகும். மோட்டாரையும் புல்லியையும் இங்கே மாற்றிக்கொள்ளத் தயார் என்றால் கொண்டு வாருங்கள். இல்லையென்றால் அங்கேயே விற்றுவிட்டு வருவது நல்லது.

இரண்டு பலகையை ஒட்ட விளிம்பு சேர்த்தால் நடுவில் வெளிச்சம் தெரிகிறது. கடைசி இரண்டு அங்குலத்தில் பள்ளமும் விழுகிறது. (திருநெல்வேலி)

இவை இரண்டு தனிப் பிரச்சினைகள். கடைசியில் பள்ளம் விழுந்தால் பின் மேஜை கத்தியைவிடத் தாழ்ந்திருக்கிறது. பலகையின் வால் முன் மேஜையை விட்டதும் தொபுக்கென்று கத்திமேல் இறங்குகிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நேரான ஒரு மரத்துண்டைப் பின் மேஜையில் கத்திக்கு மேலே நீட்டி வைத்து, பிளாக்கைக் கையால் சுற்றுங்கள். கத்தி துண்டைத் தொட்டு 3 மி.மீ. இழுத்துச் சென்றால் சரி. அதற்கு மேல் இழுத்தால் பின் மேஜையைச் சற்று ஏற்றுங்கள், தொடவே இல்லையென்றால் இறக்குங்கள். கத்தியின் இரு ஓரத்திலும், ஒவ்வொரு கத்திக்கும் இழுப்பு ஒரே அளவாக இருக்க வேண்டும்.

நடுவில் வெளிச்சம் தெரிவதற்குக் காரணம், மேஜைகளின் வெளி ஓரங்கள் தொங்கியிருப்பது. விளிம்பு உள்குழிவாகச் சீவப்படுகிறது. தாங்கும் திருகுகளை அல்லது ஆப்புத் தகடுகளைச் சரிசெய்து இரண்டு மேஜையையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். ஃபென்ஸ் 90 டிகிரியில் இருக்கிறதா என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஓர் எளிய வழி உண்டு. ஒட்டப் போகும் இரண்டில் ஒன்றின் நல்ல முகத்தை ஃபென்ஸ் பக்கமாகவும், மற்றதன் நல்ல முகத்தை வெளிப்பக்கமாகவும் வைத்துச் சீவுங்கள். அரை டிகிரி பிசகு இருந்தாலும் ஒன்றின் சாய்வை மற்றது ஈடுகட்டி, ஒட்டிய பலகை தட்டையாகவே வரும்.

ஒரு தடவைக்கு எவ்வளவு சீவலாம்? சின்னத் துண்டுகளையும் சீவலாமா? (ஈரோடு)

முகத்துக்குக் கால் நூல், விளிம்புக்கு அரை நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). குழிந்த முகம் கீழே இருக்கட்டும், அப்போதுதான் இரண்டு ஓரங்களில் நின்று ஆடாமல் போகும். 12 அங்குலத்துக்குக் குறைந்த நீளத்தையும், அரை அங்குலத்துக்குக் குறைந்த கனத்தையும் ஜாயிண்டரில் விடவே கூடாது. நீளப் பலகையாக இருக்கும்போதே சீவிவிட்டு அப்புறம் அறுங்கள். முகம் சீவும்போது கத்திக்கு நேர் மேலே உள்ளங்கை போகக் கூடாது. அடியில் ரப்பர் ஒட்டிய தள்ளுகட்டை இரண்டு, இரண்டு கைக்கும் வேண்டும். மரத்திலேயே ஒரு மணி நேரத்தில் செய்துவிடலாம். மெஷின் வந்து இறங்கும் முன் அதைச் செய்து வையுங்கள்.